4கே இருந்தால் போதுமா? வீடியோவும் எடுக்கும் கேமராவை வாங்குவதற்கு முன்

குறைந்த விலையில் ஒரு கேமரா வேண்டும், போட்டோவும் எடுக்க வேண்டும், வீடியோவும் நன்றாக வர வேண்டும் என்று தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது இரண்டு எண்கள்: மெகாபிக்சல், 4கே. பெட்டியின் மேல் இவைதான் பெரிதாக அச்சாகின்றன. "4கே இருக்கிறது, அப்படியானால் வீடியோ நன்றாகத்தான் இருக்கும்" என்று பேச்சும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் 4கே என்று எழுதிய இரண்டு கேமராக்களில் ஒரே காட்சியை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரியும். மற்றொன்றில் பச்சைத் தீற்றலாக இருக்கும். ஒன்றில் முகம் தெளிவாகவே நிற்கும். மற்றொன்றில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், விலை குறைந்த கேமராவில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

## ஒரு படமும் விநாடிக்கு 25 படங்களும்

கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சிலிக்கான் தகடுதான் சென்சார். அதில் லட்சக்கணக்கான சிறு புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். போட்டோ எடுக்கும்போது கேமரா எல்லாப் பிக்சல்களையும் ஒரு முறை வாசித்து, கணக்குப் போட்டு, ஒரு படமாகச் சேமிக்கிறது. அதற்கு அரை விநாடி ஆனாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

வீடியோவில் அந்த அவகாசம் கிடையாது. வீடியோ என்பது விநாடிக்கு 24, 25 அல்லது 30 தனிப்படங்களின் தொடர். ஒவ்வொரு தனிப்படத்தையும் பிரேம் என்பார்கள். 25 பிரேம் வேகத்தில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லிவிநாடி. அதற்குள் வாசித்து, சுருக்கி, மெமரி கார்டு என்னும் அட்டையில் எழுதிவிட்டு அடுத்த பிரேமுக்குத் தயாராக வேண்டும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பலகை முழுக்க எழுதிவைத்துவிட்டுப் போனால் அவன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வான். அதே ஆசிரியர் நிமிடத்துக்கு ஒரு முறை பலகையை அழித்துப் புதிதாக எழுதினால்? வரி விட்டு வரி எழுதுவான். அல்லது பலகையின் நடுப்பகுதியை மட்டும் எழுதுவான். கை வேகமானவன் மட்டுமே முழுவதையும் எழுதுவான், அவனுக்கும் கொஞ்ச நேரத்தில் கை வலிக்கும். விலை குறைந்த கேமராவின் வீடியோவில் நாம் காணும் குறைகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்து வருபவை.

## 4கே என்ற எண் எதைச் சொல்கிறது

4கே என்பது பிரேமின் அளவு மட்டுமே: அகலத்தில் 3840, உயரத்தில் 2160 பிக்சல். பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம், அதாவது 8.3 மெகாபிக்சல். முழு ஹெச்டி என்பது 1920க்கு 1080. ஏறத்தாழ 21 லட்சம். ஆகவே 24 மெகாபிக்சல் கேமரா, 4கே வீடியோவுக்குத் தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பிக்சல்களை வைத்திருக்கிறது. மெகாபிக்சல் கூடினாலே வீடியோ மேம்படும் என்ற நம்பிக்கை இங்கேயே உடைகிறது. வாசிக்க வேண்டிய சுமைதான் கூடுகிறது.

24 மெகாபிக்சலை 8 மெகாபிக்சலாக எப்படி மாற்றுகிறார்கள் என்பதில்தான் கேமராவுக்குக் கேமரா தரம் மாறுகிறது.

## சென்சாரை வாசிக்கும் மூன்று வழிகள்

சிறந்த வழி, சென்சாரின் முழு அகலத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்து, பிறகு 4கே அளவுக்குச் சுருக்குவது. இதை ஓவர்சாம்பிளிங் என்பார்கள். 6000 பிக்சல் அகலமுள்ள சென்சாரிலிருந்து வரும் வீடியோவை "6கேயிலிருந்து ஓவர்சாம்பிள் செய்த 4கே" என்று தகவல்தாளில் போடுவது இதைத்தான். இது ஏன் மேலானது? சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976இல் காப்புரிமை பெற்ற இந்த வண்ண வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கேமரா ஊகிக்கிறது. கையிருப்பில் கூடுதல் பிக்சல்கள் இருந்தால் ஊகம் குறைகிறது, நுணுக்கம் கூடுகிறது.

இரண்டாவது வழி கிராப். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வாசிப்பது. படம் தெளிவாக இருக்கலாம், ஆனால் காட்சியின் அகலம் சுருங்கிவிடும். 2018இல் வந்த கேனன் எம்50 இதற்கு நல்ல உதாரணம். அதனுடன் வரும் ஜூம் லென்ஸ் 15 மி.மீ. அளவில், முழுச்சட்ட சென்சார் (35 மி.மீ. பிலிம் அளவுள்ள சென்சார்) கணக்கில் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலத்தைக் காட்டும். 4கேயில் அதே லென்ஸ் ஏறத்தாழ 38 மி.மீ. ஆகிவிடுகிறது; இந்த எண் கூடினால் அகலம் குறையும். கையை நீட்டித் தன்னையே படம் எடுத்தால் படம் முழுக்க முகம்தான் இருக்கும். சிறிய அறைக்குள் எவ்வளவு பின்னால் நகர்ந்தாலும் இரண்டு பேரைச் சேர்த்துக் காட்டுவது சிரமம். அதே கேமராவில் முழு ஹெச்டிக்கு மாறினால் அகலம் திரும்பிவிடும்.

மூன்றாவது வழி வரிகளைத் தாண்டித் தாண்டி வாசிப்பது, அல்லது பக்கத்துப் பிக்சல்களைக் கூட்டி ஒன்றாக வாசிப்பது. முதலாவதை லைன் ஸ்கிப்பிங் என்றும், இரண்டாவதை பின்னிங் என்றும் சொல்வார்கள். அகலம் குறையாது, ஆனால் நுணுக்கம் போய்விடும். குறிப்பாக வரிகளைத் தாண்டும்போது, மெல்லிய கோடுகள் நெருக்கமாக உள்ள சட்டைத் துணி, ஓட்டுக்கூரை, செங்கல் சுவர் ஆகியவற்றின் மேல் இல்லாத வண்ண அலைகள் ஓடும். இதற்கு மோய்ரே என்று பெயர். எடிட்டிங்கில் இதை நீக்குவது மிகக் கடினம் என்பதால், வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டிய குறை இது.

சுருக்கமாக: 4கே என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, "முழு அகலத்திலா, கிராப்பிலா?" என்பதுதான். சில கேமராக்களில் வேகத்தைப் பொறுத்தும் விடை மாறும். சோனி இசட்வி-ஈ10இல் 24 பிரேமில் முழு அகலம் கிடைக்கும், 30 பிரேமில் சற்றே கிராப் ஆகும்.

## வளையும் கம்பங்கள்

பெரும்பாலான சென்சார்கள் பிரேமை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கின்றன. முதல் வரியை வாசிப்பதற்கும் கடைசி வரியை வாசிப்பதற்கும் இடையில் சிறு நேரம் கழிகிறது. அதற்குள் கேமராவோ எதிரில் இருப்பதோ நகர்ந்துவிட்டால் நேரான கம்பம் சாய்ந்து தெரியும். நடந்துகொண்டே எடுத்தால் படம் முழுதும் நெளியும். இதுதான் ரோலிங் ஷட்டர் குறை. நிதானமான சென்சார்களுக்கு ஒரு பிரேமை வாசிக்க 25 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். 15 மில்லிவிநாடிக்குக் கீழே இருந்தால் சாதாரணப் பயன்பாட்டில் கண்ணுக்குத் தெரியாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விலை குறைந்த கேமராவில் தெளிவான ஓவர்சாம்பிளிங் 4கே இருந்தால், அத்தனை வரிகளையும் வாசிக்க வேண்டியிருப்பதால் நெளிவும் அதில் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. முக்காலியில் வைத்துப் பேட்டி, பாடம், சமையல் எடுப்பவருக்கு இது பொருட்டே இல்லை. ஓட்டப்பந்தயமும் நடனமும் எடுப்பவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## பிட்ரேட்: எவ்வளவு மிஞ்சுகிறது

வாசித்ததை எல்லாம் அப்படியே சேமிக்க முடியாது. ஒரு 4கே பிரேமில் 83 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 24 பிட் என்று வைத்துக்கொண்டால், 25 பிரேமுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 5 கிகாபிட் ஆகும். விலை குறைந்த பல கேமராக்கள் இதை 60 முதல் 120 மெகாபிட்டுக்குள் அடக்குகின்றன. 100 மெகாபிட் என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. விநாடிக்கு எத்தனை பிட் சேமிக்கப்படுகிறது என்பதே பிட்ரேட்.

ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் படம் நன்றாக இருப்பது எப்படி? ஹெச்.264, ஹெச்.265 போன்ற சுருக்க முறைகள் ஒரு பிரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. அசையாத சுவருக்கு முன்னால் ஒருவர் பேசினால் மாறுவது கொஞ்சம்தான். மழை, அலை, காற்றில் ஆடும் இலைகள் என்றால் எல்லாமே மாறும், பிட்டுகள் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு கேமராவின் சுருக்கத் திறனைச் சோதிக்க ஓடும் நீரைவிட நல்ல காட்சி இல்லை. ஹெச்.265 கோப்பு சிறியது, ஆனால் பழைய கணினிகளில் எடிட் செய்யும்போது திணறும். கணினி பழையதாக இருந்தால் ஹெச்.264 வசதியும் கேமராவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெமரி கார்டு வாங்குவதில் பலரும் தடுக்கி விழுவது பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாட்டில். 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்துக்கு 750 மெகாபைட், மணிக்கு 45 கிகாபைட். ஆகவே 64 கிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 1 மணி 25 நிமிடம் பதியலாம். அட்டையின் மேல் பெரிதாக இருக்கும் வேகம் பெரும்பாலும் வாசிப்பு வேகம். அதை நம்ப வேண்டாம். வி30 என்ற சிறு குறியைத் தேடுங்கள். விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் இடைவிடாமல் எழுதும் என்பதற்கான உறுதி அது, அதாவது 240 மெகாபிட். விலை குறைந்த கேமராக்களின் 4கேக்கு இது தாராளம். எடுத்துக்கொண்டிருக்கும்போதே பதிவு தானாக நின்றுவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அட்டையை.

தகவல்தாளில் 8 பிட், 10 பிட் என்று வருவது வேறு கணக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை படிநிலைகள் என்பதை அது சொல்கிறது: 8 பிட்டில் 256, 10 பிட்டில் 1024. நிறத்தைப் பெரிதாக மாற்றாமல் வெளியிடுபவருக்கு 8 பிட் போதும். லாக் என்னும் வெளிறிய பதிவு முறையில் எடுத்து எடிட்டிங்கில் நிறம் ஏற்ற நினைப்பவருக்கு 10 பிட் வேண்டும். 8 பிட்டில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும்.

இதுவரை பார்த்தது: சென்சாரை வாசிக்கும் முறை, வாசிக்கும் வேகம், சேமிக்கும் அளவு. படத்தின் அடிப்படைத் தரத்தை இவை தீர்மானிக்கின்றன. இனி வருபவை, அந்தத் தரமான படத்தைப் பார்க்கத் தகுந்த வீடியோவாக மாற்றுபவை.

## சூடும் நேர வரம்பும்

இடைவிடாமல் வாசித்துச் சுருக்குவதால் சென்சாரும் செயலியும் சூடாகின்றன. கேமராவின் சிறிய உடலில் காற்றோட்டம் இல்லை. ஒரு கட்டத்தில் கேமரா தானே அணைந்துகொள்ளும். இது பழுது இல்லை, பாதுகாப்பு. திரையை உடலிலிருந்து விலக்கித் திருப்பி வைப்பதும் நேரடி வெயிலைத் தவிர்ப்பதும் உதவும். சில கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நிற்பதற்குக் காரணம் வேறு. 30 நிமிடமோ அதற்கு மேலோ பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிகள் வீடியோ கேமராவாக வகைப்படுத்தி வரி விதித்து வந்ததால் வைத்துக்கொண்ட எல்லை அது. மேடை நிகழ்ச்சிகளை எடுப்பவர்கள், இந்த எல்லை இல்லாத கேமராவாகப் பார்த்து வாங்க வேண்டும்.

## ஃபோகஸ்: இங்கே சிக்கனம் வேண்டாம்

போட்டோவில் ஃபோகஸ் தவறினால் இன்னொன்று எடுக்கலாம். வீடியோவில் அது தேடித் தடுமாறுவதும் பதிவாகிவிடும். தானியங்கி ஃபோகஸில் இரண்டு வகை. கான்ட்ராஸ்ட் முறையில் கேமராவுக்கு எந்தத் திசையில் லென்ஸை நகர்த்துவது என்று தெரியாது. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து எங்கே கூர்மை அதிகம் என்று கண்டுபிடிக்கும். அந்தத் தேடல்தான் பின்னணி துடிப்பது போலத் தெரிகிறது. ஃபேஸ் டிடெக்‌ஷன் முறையில், லென்ஸின் இரு பாதிகள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று நேரடியாகத் தெரிந்துகொள்ளும். கேனன் 2013இல் 70டி மாடலில் கொண்டுவந்த டூயல் பிக்சல் இந்த வகைதான்.

இங்கும் சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். மேலே சொன்ன எம்50இல் டூயல் பிக்சல் உண்டு. ஆனால் 4கேக்கு மாறினால் அது வேலை செய்யாது, கான்ட்ராஸ்ட் முறைக்கு இறங்கிவிடும். தனியாகத் தன்னையே படம் எடுப்பவர், மங்கலான 4கேயைவிட ஃபோகஸ் நம்பகமான முழு ஹெச்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

## நடுக்கம்

லென்ஸுக்குள் இருக்கும் நிலைப்படுத்தல், உடலுக்குள் சென்சாரையே நகர்த்தும் நிலைப்படுத்தல், மென்பொருளால் ஓரங்களை வெட்டி நடுக்கத்தை மறைக்கும் நிலைப்படுத்தல் என்று மூன்று உண்டு. மூன்றாவது மலிவு, ஆனால் காட்சியின் அகலத்தை மேலும் குறுக்கும். மங்கலான ஒளியில் நடுக்கத்தால் வந்த மங்கலை அதனால் நீக்க முடியாது. உடலுக்குள் நிலைப்படுத்தல் குறைந்த விலையில் வேண்டுமென்றால் 2016இல் வந்த பானசோனிக் ஜி85 போன்ற பழைய மாடல்களைப் பாருங்கள். அதன் ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் வகை என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

## ஒலிக்கு ஒரு துளை

பார்வையாளர்கள் சற்று மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் போய்விடுவார்கள். கேமராவின் சொந்த மைக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பேசுபவரிடமிருந்து தூரத்தில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வரும் ஒலி 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். அதனால்தான் 2 மீட்டரில் இருக்கும் விலையுயர்ந்த மைக்கைவிட, சட்டையில் குத்திய எளிய மைக் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே 3.5 மி.மீ. மைக் துளை இல்லாத கேமராவை வீடியோவுக்காக வாங்காதீர்கள். போட்டோவுக்கு இன்றும் நன்றாக உழைக்கும் சோனி ஏ6000இல் இந்தத் துளை கிடையாது, 4கேயும் கிடையாது.

மைக்கின் முனையையும் பாருங்கள். உலோகத்தைப் பிரிக்கும் கறுப்பு வளையங்கள் இரண்டு இருந்தால் கேமராவுக்கானது. மூன்று இருந்தால் போனுக்கானது. போன் மைக்கை நேராகக் கேமராவில் செருகினால் ஒலி வராமலோ மிக மெலிதாகவோ போகலாம், சிறிய அடாப்டர் தேவைப்படும். ஒலி அளவைத் தானியங்கியில் விடாமல் கையால் அமைத்து, பேச்சின் உச்சம் திரையின் ஒலி அளவுகோலில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி வையுங்கள். தானியங்கியில் விட்டால், பேச்சு நின்ற இடைவெளியில் கேமரா ஒலியைத் தூக்கிவிட, உஸ்ஸென்ற இரைச்சல் ஏறும்.

## வெளிச்சமும் ஷட்டரும்

ஒவ்வொரு பிரேமும் ஒளியை எவ்வளவு நேரம் வாங்குகிறது என்பது ஷட்டர் நேரம். அசைவு இயல்பாகத் தெரிய, அதன் கீழ் எண்ணைப் பிரேம் வேகத்தைப் போல இரு மடங்கு வையுங்கள்: 25 பிரேமுக்கு 1/50 விநாடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்க வேண்டிவரும். துளையை அகலமாகத் திறந்து எஃப்/4இல் எடுக்க விரும்பினால் ஒளியை 32இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி வடிகட்டி வேண்டும். லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி அது, கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அறைக்குள் எடுக்கும்போது விளக்குப் பட்டைகள் ஓடினால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 என்று மாற்றுங்கள்.

## எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

பணம் முழுவதையும் கேமரா உடலில் போட்டுவிட்டு மைக்குக்கும் கூடுதல் பேட்டரிக்கும் ஒன்றுமில்லாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒரு படி கீழான உடலும், மைக்கும், வி30 அட்டையும், இரண்டாவது பேட்டரியும் சேர்ந்தால் மேலான வீடியோ கிடைக்கும். முழு அகல 4கே, ஃபேஸ் டிடெக்‌ஷன், மைக் துளை மூன்றும் சேர்ந்தவை கேனன் ஆர்50, நிக்கான் இசட்30, சோனி இசட்வி-ஈ10 (இதில் முழு அகலம் 24 பிரேமில்). மூன்றிலும் உடலுக்குள் நிலைப்படுத்தல் இல்லை, அதை லென்ஸில் தேட வேண்டும். போட்டோவே முதன்மை என்றால் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உள்ள ஆர்50தான் ஏற்றது. மற்ற இரண்டிலும் அது இல்லை.

வாங்கும் இடத்துக்கு உங்கள் அட்டையையும் மைக்கையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அதே லென்ஸில் முழு ஹெச்டியிலும் 4கேயிலும் ஒரே இடத்திலிருந்து எடுத்து அகலத்தை ஒப்பிடுங்கள். கேமராவைச் சட்டென்று இடமிருந்து வலமாகத் திருப்பிக் கதவுச் சட்டத்தை எடுத்துச் சாய்வைப் பாருங்கள். கோடு போட்ட துணி ஒன்றை மூன்று, நான்கு தூரங்களில் எடுங்கள். ஒருவரைக் கேமராவை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். முகம் விடாமல் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவின் சிறு திரையை நம்பாமல், அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பழைய கேமரா என்றால் ஷட்டர் எண்ணிக்கையை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதை) மட்டும் கேட்டுத் திருப்தி அடைய வேண்டாம்; வீடியோ எடுக்கும்போது இயந்திர ஷட்டர் திறந்தே இருப்பதால், எத்தனை மணி நேரம் வீடியோ ஓடியது என்பதை அந்த எண் காட்டாது. 4கேயில் 20 நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். லென்ஸை மூடி ஒரு நிமிடம் பதிந்து, மாறாமல் ஒளிரும் வண்ணப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதன் அறையிலிருந்து எளிதில் வெளிவராது. கடைசியாக மைக்கைச் செருகி, பதிவு ஓடும்போதே முனையை மெல்ல அசையுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ ஒலி விட்டுவிட்டு வந்தாலோ துளை தேய்ந்திருக்கிறது; அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் உடலைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கேமராவை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.